பெரிய உயிரும் சின்ன உயிரும்

மூளை அறுவை சிகிச்சைப் பிரிவில் இருப்பவர்களுக்கு விபத்து வார்டிலிருந்து போன் வருவது அன்றாட வேலை. பிரசவ வார்டிலிருந்து எப்போதாவதுதான் வரும். வந்தால் கையில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டுப் போவேன். "ஏழாவது மாசம் மேடம். திடீர்னு தலைவலி, வாந்தி. ஒரு தடவை ஃபிட்ஸ் வந்திருக்கு. பி.பி. நார்மலா இருக்கு, யூரின்ல ஆல்புமின் இல்ல. கொஞ்சம் வந்து பாத்துடுங்களேன்." இதில் பி.பி. நார்மல் என்ற சொல்தான் என்னை ஓட வைக்கும்.

கர்ப்பிணிக்கு வலிப்பு வந்தால் நம் ஊரில் முதலில் நினைப்பது ஜன்னி. அப்படி நினைப்பது சரியே. ரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதம் வெளியேறி, முகமும் காலும் வீங்கி, பிறகு வலிப்பு வருவதுதான் வழக்கமாகப் பார்ப்பது. மக்னீசியம் சல்பேட் ஊசி போட்டு, அழுத்தத்தைக் கட்டுக்குள் கொண்டுவந்து, பிரசவம் பார்த்தால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்வார்கள். ஆனால் அழுத்தம் சரியாக இருக்கிறது, சிறுநீர் சுத்தமாக இருக்கிறது, வலிப்பு மட்டும் வந்திருக்கிறது என்றால் தலைக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தே ஆகவேண்டும். மூளையின் சிரைகளில் ரத்தம் உறைந்திருக்கலாம்; பிரசவமான பெண்களிடம் இதை நம் நாட்டில் நிறையப் பார்க்கிறோம். தமனியில் புடைத்திருந்த ஓர் இடம் வெடித்திருக்கலாம். அல்லது, நான் இங்கே எழுத வந்திருக்கிற ஏ.வி.எம். உடைந்திருக்கலாம்.

இதயத்திலிருந்து வரும் ரத்தம் தமனி வழியாக மூளைக்குள் நுழைந்து, மயிரிழையைவிட மெல்லிய தந்துகிகளாகப் பிரிந்து, வேகம் அடங்கி, பிறகு சிரைகளில் சேர்ந்து திரும்பிப்போகும். ஏ.வி.எம். உள்ளவர்களுக்கு ஓரிடத்தில் மட்டும் இந்தத் தந்துகிகளே இருக்காது. தமனியும் சிரையும் நேரடியாகப் பின்னிக் கிடக்கும். ஆற்றுத் தண்ணீரை வாய்க்கால், கிளைவாய்க்கால் எதுவும் இல்லாமல் மதகைத் திறந்து நேரே வயல் வரப்பின் மேல் விட்டால் என்ன ஆகும்? அதுதான் ஆகிறது. மெல்லிய சுவருள்ள சிரை அந்த வேகத்தைத் தாங்கித் தாங்கி வீங்குகிறது, ஒருநாள் உடைகிறது. பெரும்பாலும் பிறவியிலிருந்தே இருக்கும் கோளாறு என்றுதான் சொல்கிறோம். யாருடைய சாபமும் இல்லை, கர்ப்பத்தில் சாப்பிட்ட எதனாலும் வந்ததும் இல்லை. இதைச் சொல்லாமல் நான் எந்தக் குடும்பத்தையும் வார்டிலிருந்து அனுப்பியதில்லை. ஏனென்றால் மருமகள் ராசியில்லாதவள் என்ற பேச்சு ஐ.சி.யூ. வாசலிலேயே தொடங்கிவிடுகிறது.

ஏ.வி.எம். இருக்கும் ஒருவருக்கு அது உடையும் வாய்ப்பு ஆண்டுக்கு 2 முதல் 4 சதவீதம் என்று பொதுவாகக் கணக்கிடுகிறோம். ஒருமுறை உடைந்தது அடுத்த ஓராண்டுக்குள் மறுபடி உடையும் வாய்ப்பு இதைவிடக் கூடுதல். கர்ப்பம் இந்தக் கணக்கை மாற்றுமா என்பதில் வல்லுநர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. 1990-ல் 451 பெண்களை வைத்து வெளியான ஆய்வு ஒன்று, கர்ப்பத்தால் ஆபத்து குறிப்பிடும்படி கூடவில்லை என்றது. 2012-ல் 54 பெண்களை ஆராய்ந்த இன்னோர் ஆய்வு, ஒரு கர்ப்பத்துக்கு 8.1 சதவீதம் என்று கணக்கிட்டு, ஆபத்து பல மடங்கு கூடுகிறது என்றது. எண்கள் எப்படியிருந்தாலும் உடலில் நடப்பது தெளிவானது. கர்ப்பிணியின் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி அளவுக்குக் கூடுகிறது. இதயம் நிமிடத்துக்கு வெளியேற்றும் ரத்தம் 30 முதல் 50 சதவீதம் கூடுகிறது. நான் பார்த்த பெண்களில் பெரும்பாலோர் ஐந்தாம் மாதத்துக்கு மேல் வந்தவர்கள்தான்.

அப்படி வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

டெல்டா பக்கத்துக் கிராமம். தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்து பிறந்த வீட்டுக்கு வந்திருந்தார். காலையில் துணி அலசிக்கொண்டிருந்தவர், மண்டை பிளக்கிற மாதிரி வலிக்கிறது என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார். இரண்டு முறை வாந்தி. வலது கை விழுந்துவிட்டது, பேச்சு குழறியது, பிறகு வலிப்பு. 108 ஆம்புலன்ஸில் எங்களிடம் வந்தபோது, பலமாகக் கூப்பிட்டால் கண் திறப்பார், உடனே மூடிக்கொள்வார்.

அவருடைய அம்மாவின் கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் தாய்-சேய் நல அட்டை. எங்கள் மகப்பேறு மருத்துவர் முதலில் கேட்டு வாங்கியது அதைத்தான். கிராம சுகாதார செவிலியர் மாதாமாதம் குறித்திருந்த ரத்த அழுத்தம் எல்லாம் 110/70 அளவிலேயே இருந்தது. ஒவ்வொரு முறையும் சிறுநீரில் ஆல்புமின் இல்லை என்று எழுதியிருந்தது. ஜன்னிக்கு முன்னோட்டமாக எதுவுமே அந்த அட்டையில் இல்லை. "இது என் கேஸ் இல்ல, உங்க கேஸ்" என்று அவர் எனக்குப் போன் போட்டது அந்தச் சிறிய கையெழுத்தை நம்பித்தான். துணை சுகாதார நிலையத்தில் உட்கார்ந்து ஒரு செவிலியர் ஒழுங்காகப் பி.பி. பார்த்து எழுதியதால் எங்களுக்கு ஒரு மணி நேரமாவது மிச்சமாயிற்று. மூளைக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருக்கும்போது ஒரு மணி நேரம் என்பது கையும் பேச்சும் திரும்புமா திரும்பாதா என்பதைத் தீர்மானிக்கிற நேரம்.

சிடி ஸ்கேன் அறைக்கு வண்டியைத் தள்ளும்போது அம்மா குறுக்கே வந்து நின்றார். "வயித்துல புள்ளய வச்சிக்கிட்டு தலைக்குக் கரண்டு குடுத்துப் படம் எடுக்கலாங்களா டாக்டரம்மா? புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிட்டா அவ மாமியா வீட்டுக்கு நாங்க என்ன பதில் சொல்றது?" இந்தக் கேள்வியை எத்தனையோ அம்மாக்கள் கேட்டிருக்கிறார்கள். படித்தவர்கள் கேட்டிருக்கிறார்கள், சில சமயம் மருத்துவர்களே கேட்டிருக்கிறார்கள். பதில் இதுதான்: தலைக்கு எடுக்கும் சிடி ஸ்கேனில் கதிர் தலையில்தான் விழுகிறது. வயிற்றிலிருக்கும் குழந்தைக்குச் சிதறிப்போய்ச் சேர்வது 0.01 மில்லிகிரேகூட இருக்காது. குழந்தைக்குத் தீங்கு வரலாம் என்று நாங்கள் கவலைப்படத் தொடங்கும் அளவு 50 மில்லிகிரே. இடையில் ஐயாயிரம் மடங்கு வித்தியாசம். அந்த அம்மாவிடம் எண்கள் எதையும் சொல்லவில்லை. "புள்ள இருக்கறது வயித்துல. படம் எடுக்கறது தலையில. மக நல்லா இருந்தாத்தான் புள்ள நல்லா இருக்கும்" என்றேன். வழி விட்டார்.

இடது முன்மூளையில் பெரிய ரத்தக்கட்டி. நடுக்கோடு வலப்பக்கம் தள்ளியிருந்தது. உயிர் போகிற அவசரம் என்பதால் அயோடின் மருந்து செலுத்தி ஆஞ்சியோ படமும் அப்போதே எடுத்தோம். கட்டியின் ஓரத்தில், மூளையின் மேற்பரப்பை ஒட்டி, மூன்று சென்டிமீட்டருக்கும் சிறிய பின்னல் ஒன்று தெரிந்தது. ராபர்ட் ஸ்பெட்ஸ்லரும் நீல் மார்ட்டினும் 1986-ல் வகுத்த அளவுகோலை இன்றும் பயன்படுத்துகிறோம். பின்னல் எவ்வளவு பெரியது, பேச்சு, அசைவு, பார்வை போன்ற முக்கியமான பகுதியில் இருக்கிறதா, ரத்தம் ஆழத்துச் சிரைகளில் வடிகிறதா என்ற மூன்றையும் பார்த்து ஒன்று முதல் ஐந்து வரை தரம் பிரிப்போம். இது முதல் தரம். கட்டியை எடுக்கப் போகும்போதே பின்னலையும் எடுத்துவிடலாம் என்ற நம்பிக்கை கொடுக்கும் தரம். நான்காம், ஐந்தாம் தரமாக இருந்திருந்தால் கட்டியை மட்டும் எடுத்துவிட்டுப் பின்னலைத் தொடாமல் வந்திருப்பேன்.

கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. பஸ் பிடித்து வந்துகொண்டிருந்தார். போனிலேயே பேசினேன். அழுகையை அடக்கிக்கொண்டு, "பெரிய உசிரக் காப்பாத்திக் குடுத்துருங்க மேடம். சின்ன உசிரு ஆண்டவன் விட்ட வழி" என்றார். இப்படித்தான் எல்லோரும் சொல்கிறார்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி நாங்கள் கேட்கப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். அப்படி யாரையும் கேட்க வேண்டியதில்லை. 28 வாரக் குழந்தைக்குத் தாயின் உடலைவிட நல்ல இடம் உலகத்தில் கிடையாது. தாயின் ரத்த அழுத்தத்தையும் பிராணவாயுவையும் ஒழுங்காக வைத்திருந்தால் குழந்தையும் நன்றாக இருக்கும். எங்கள் மகப்பேறு மருத்துவர் ஒரே வரியில் முடித்தார்: "குழந்தை துடிப்பு நல்லா இருக்கு. நீங்க தலையப் பாருங்க, நான் வயித்தப் பாத்துக்கறேன்." குறைமாதத்தில் பிறக்க நேர்ந்தால் நுரையீரல் தாங்க வேண்டும் என்று ஸ்டீராய்டு ஊசி போட்டார். ஆபரேஷன் தியேட்டரின் ஒரு மூலையில் சிசேரியன் கருவிகள் தயாராக இருந்தன. குழந்தை மருத்துவர் வந்து நின்றார்.

கர்ப்பிணியை மூளை அறுவைக்குப் படுக்க வைப்பதே ஒரு தனிப் பாடம். மல்லாக்கப் படுக்க வைத்தால் கனத்த கருப்பை பெரிய சிரையை அழுத்தி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்துவிடும். அதனால் வலது இடுப்புக்கு அடியில் துணியைச் சுருட்டி வைத்து உடலை 15 டிகிரி இடப்பக்கம் சாய்த்தோம். தலையை வலப்பக்கம் திருப்ப வேண்டும். ஆனால் கழுத்துச் சிரை நெரிபடக் கூடாது. இதற்கே நேரம் பிடித்தது.

மயக்க மருத்துவரின் வேலை எங்களுடையதைவிடக் கடினம். ஏ.வி.எம். அறுவையில் ரத்த அழுத்தம் தாழ்ந்திருப்பது எனக்கு வசதி. ஆனால் நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தம் தாயின் அழுத்தத்தை நம்பியே இருக்கிறது; தாழ்ந்தால் குழந்தை தவிக்கும். மூளை வீக்கத்தைக் குறைக்க வழக்கமாக வென்டிலேட்டரை வேகமாக ஓட்டிக் கார்பன் டை ஆக்சைடை இறக்குவோம். கர்ப்பிணியின் ரத்தத்தில் அது ஏற்கெனவே 30 அளவில்தான் இருக்கும். இன்னும் இறக்கினால் கருப்பைக்குப் போகும் ரத்தம் சுருங்கும். மானிட்டால் மருந்தும் குழந்தையைச் சென்றடையும் என்பதால் குறைந்த அளவே கொடுக்க முடியும். எல்லாவற்றையும் நடுவில் நிறுத்தி, மணிக்கணக்கில் அந்த மயக்க மருத்துவர் ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் பெயர் எந்த டிஸ்சார்ஜ் கதையிலும் வராது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மண்டையோட்டைத் திறந்து, கட்டியை உறிஞ்சி எடுத்ததும் மூளை இறுக்கம் தளர்ந்து துடிக்க ஆரம்பித்தது. மைக்ராஸ்கோப்பைக் கொண்டுவந்தோம். நல்ல மூளையில் சிரைகள் கருநீலமாக இருக்கும். இங்கே ஒரு சிரை, சுண்டுவிரல் பருமனில், செக்கச்செவேல் என்று இருந்தது. தமனியின் ரத்தம் அதில் நேராக ஓடுவதால் அந்த நிறம். கூர்ந்து பார்த்தால் உள்ளே ரத்தம் சுழல்வதுகூடத் தெரியும். இந்தத் தொழிலில் மீறக் கூடாத விதி ஒன்று உண்டு: உள்ளே வரும் தமனிகளை முதலில் அடைக்க வேண்டும், வெளியேறும் சிரையைக் கடைசியில்தான் தொட வேண்டும். மாற்றிச் செய்தால் வடிய வழியில்லாமல் பின்னல் முழுவதும் கண் முன்னால் வெடித்துவிடும். ஒரு தமனியைத் தேடி, பைபோலார் முனையால் சுட்டு, கத்தரித்து, அடுத்ததைத் தேடினோம். ஏ.வி.எம். தமனிகளின் சுவர் சூட்டுக்கு லேசில் அடங்காது. சிலவற்றுக்குக் கிளிப் போட வேண்டியிருந்தது. கட்டி ஏற்கெனவே ஒரு பக்கத்தைப் பிரித்து வைத்திருந்தது உதவியாக இருந்தது. கடைசித் தமனியும் அடைபட்ட பிறகு, அந்தச் சிவந்த சிரை மெல்ல மெல்ல மங்கி, நீலத்துக்கு மாறியது. அதன் பிறகுதான் அதைக் கட்டி அறுத்தோம். நிறம் மாறினால் வேலை சரியாக முடிந்தது என்று பொருள். எத்தனை முறை பார்த்தாலும் அந்த மாற்றத்துக்காக நான் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பேன்.

சில நாட்களில் கண் திறந்து அம்மாவை அடையாளம் கண்டார். பேச்சு வரச் சில வாரங்கள் ஆயின. வலிப்புக்கு லெவெடிரசெட்டாம் கொடுத்தோம். வால்ப்ரோயேட் மாத்திரை கருவுக்கு ஊறு செய்யும் என்பதால் கர்ப்பிணிகளுக்கு அதைத் தவிர்ப்போம். குழந்தை வயிற்றிலேயே வளர்ந்தது. மாதம் நிறைந்து மகப்பேறு மருத்துவர் குறித்த நாளில் பெண் குழந்தை பிறந்தது. பிரசவத்துக்குப் பிறகு எடுத்த ஆஞ்சியோவில் பின்னல் முழுவதுமாகப் போயிருந்தது. வலது கையில் சிறிது பலக்குறைவு இருக்கிறது. ஆனால் அந்தக் கையால்தான் குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறார்.

மண்டையைத் திறக்காமல் உள்ளே பார்க்கும் வசதி எங்கள் முன்னோர்களுக்கு எவ்வளவு அரிதாக இருந்தது என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன். மூளையின் ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் முறையை லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் 1927-ல் கண்டுபிடித்தார். வேலூரில் ஜேக்கப் சாண்டி 1949-லும், சென்னைப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி 1950-லும் நரம்பியல் அறுவை சிகிச்சையைத் தொடங்கியபோது, கழுத்துத் தமனியில் ஊசி குத்தி மருந்தைச் செலுத்திப் படமெடுத்துத்தான் கட்டி எந்தப் பக்கம் என்று ஊகித்தார்கள். முதல் சிடி ஸ்கேன் ஒரு மனிதருக்கு எடுக்கப்பட்டது 1971-ல்தான். இன்று நம் மாவட்டத் தலைநகரங்களில் சில நிமிடத்தில் அந்தப் படம் கிடைக்கிறது. அப்படியிருந்தும் கர்ப்பிணி என்ற ஒரே காரணத்துக்காக அது தள்ளிப்போடப்படுவதை நான் இன்னும் பார்க்கிறேன்.

எட்டாவது மாதத்தில் வந்த இன்னொரு பெண். நான்கு நாளாகத் தலைவலி. முதலில் பித்தம் என்று கஷாயம். பிறகு ஒரு மருத்துவமனையில் வாயுவுக்கு மாத்திரை. வலிப்பு வந்த பிறகு இன்னொரு மருத்துவமனையில் ஜன்னிக்கு ஊசி. எங்களிடம் அனுப்பிய சீட்டில் "கர்ப்பிணி என்பதால் சிடி எடுக்கவில்லை" என்று எழுதியிருந்தது. இரண்டு கண்பாவைகளும் விரிந்து, வெளிச்சத்துக்குச் சுருங்காமல் நின்றுவிட்டன. அந்த நிலையில் தலையைத் திறந்து பயனில்லை. குழந்தையை சிசேரியன் செய்து எடுத்தார்கள், பிழைத்தது. தாய் இறந்துபோனார். முதல் நாள் வலித்தபோதே ஒரு படம் எடுத்திருந்தால் அந்தக் குழந்தைக்கு அம்மா இருந்திருக்க வாய்ப்பு உண்டு. அந்தச் சீட்டை எழுதியவர் குழந்தையின் நன்மையை நினைத்துத்தான் எழுதினார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தாயை மறந்து குழந்தையின் நன்மையை நினைக்க முடியாது என்பதைத்தான் நம் மருத்துவக் கல்லூரிகள் இன்னும் உரக்கச் சொல்லித்தர வேண்டும்.

இப்போது வெளிநோயாளர் பிரிவில் வேறு வகைக் கேள்வியோடு வருகிறார்கள். கல்லூரியில் ஒருமுறை வலிப்பு வந்து, எம்.ஆர்.ஐ. எடுத்ததில் ஏ.வி.எம். தெரிந்த பெண்கள். கல்யாணம் நிச்சயமாகியிருக்கும், மாப்பிள்ளை வீட்டில் சொல்லியிருக்க மாட்டார்கள். "குழந்தை பெத்துக்கலாமா டாக்டர்?" என்று கேட்பார்கள். பெறலாம். ஆனால் முடிந்தால் சிகிச்சையை முதலில் முடித்துக்கொள்ளுங்கள் என்பேன். அறுவையில் எடுத்துவிட்டால் அன்றோடு தீர்ந்தது. காமா கத்தி என்னும் கதிர்வீச்சு சிகிச்சை என்றால் பின்னல் முழுவதும் அடைபட இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். அதுவரை ரத்தக்கசிவு ஆபத்து நீங்காது என்பதால் கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வோம். உடையாத ஏ.வி.எம். எல்லாவற்றுக்கும் சிகிச்சை தேவை என்றும் இல்லை. 2014-ல் வெளியான அருபா ஆய்வு, அவற்றில் பலவற்றைத் தொடாமல் மருந்தோடு கவனித்து வருவதே நல்லது என்று காட்டியது. அதன் மீது விவாதங்கள் இருந்தாலும், அவசரப்படாமல் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கும் பழக்கத்தை அது எங்களுக்குக் கொடுத்தது.

கர்ப்பமான பிறகு தற்செயலாகத் தெரியவந்தால், உடையாதவரை பெரும்பாலும் பிரசவம் முடியட்டும் என்று காத்திருப்போம். ஏ.வி.எம். இருக்கிறது என்பதற்காகவே எல்லோருக்கும் சிசேரியன்தான் என்பதும் இல்லை. முதுகில் வலிமறப்பு ஊசி போட்டு, அதிகம் முக்கவிடாமல், ஆயுதம் வைத்துக் குழந்தையை எடுத்து, சுகப்பிரசவமாகவே முடித்த பெண்கள் உண்டு. தலைக்கான முடிவை நாங்களும், பிரசவத்துக்கான முடிவை மகப்பேறு மருத்துவரும், ஒரே மேசையில் உட்கார்ந்து எடுக்க வேண்டும்.

நோயைச் சொல்லாமல் மறைத்துக் கல்யாணம் செய்யாதீர்கள் என்று பெற்றோர்களிடம் கெஞ்சியிருக்கிறேன். மறைத்தால் அந்தப் பெண் மாத்திரையையும் மறைக்கிறாள், பிறகு நிறுத்துகிறாள். வலிப்பு மாத்திரையைக் கர்ப்பத்தில் தானாக நிறுத்துவது தாய்க்கும் குழந்தைக்கும் சேர்த்து ஆபத்து. கணவரையும் அழைத்து வாருங்கள். படத்தைக் காட்டி நானே விளக்குகிறேன். விளக்கிய பிறகு விட்டுப்போன கணவர்களைவிட, மாதாமாதம் கூடவே வந்து நின்ற கணவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் கர்ப்பிணியோ பிள்ளை பெற்றவரோ இருக்கும் எல்லோருக்கும் சொல்கிறேன். இதுவரை இல்லாத கடுமையான தலைவலி திடீரென்று வந்தால், கூடவே வாந்தி, வலிப்பு, கை கால் மரத்தல், பேச்சுக் குழறல், பார்வை மங்கல், தூக்கக் கலக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும், பித்தம், அசதி, கண்ணேறு என்று காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். தாய்-சேய் நல அட்டையை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். மூளை அறுவையும் மகப்பேறும் ஒரே வளாகத்தில் இருக்கும் மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள். மருத்துவர் தலைக்கு ஸ்கேன் வேண்டும் என்றால் மறுக்காதீர்கள். அவர் தயங்கினால் நீங்களே கேளுங்கள். கர்ப்பிணிக்குத் தலையில் சிடி ஸ்கேன் எடுக்கலாம். இந்த அறிகுறிகள் இருந்தால் எடுத்தே ஆகவேண்டும்.